பத்து லட்சத்தில் முப்பது

கணினியின் சவுண்ட் கார்டு சுருதி தப்புமா என்று கேட்டால், தப்பும், ஆனால் காதுக்கு எட்டாத அளவுக்குத்தான் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியைச் சரிபார்க்க நான் எதற்காக பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி ஜிபிஎஸ் மாட்யூல் வாங்கினேன் என்பதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். காரணம் என் அத்தை.

அத்தை மல்லேஸ்வரத்தில் பாட்டு சொல்லித்தருகிறார். நேரில் வரும் பிள்ளைகளுக்கு மேசை மேலிருக்கும் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. ஆன்லைனில் கற்கிறவர்களுக்கு, நான் கொடுத்த பழைய மடிக்கணினியில் ஓடும் தம்பூரா மென்பொருள். இரண்டும் ஐந்து கட்டை என்ற ஒரே சுருதி உயரத்தில். ஒருநாள் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டிருக்கிறார்.

"ஏண்டா, உன் கம்ப்யூட்டர் கொஞ்சம் ஏறி நிக்குதே, கவனிச்சியா?"

கணினியில் சீராகத் துடிக்கும் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது, அது தப்பாது, பெட்டிதான் இறங்கியிருக்கும் என்றேன். "அது உனக்கு எப்படித் தெரியும்? யாரோ சொன்னாங்களா, நீயே பாத்தியா?" என்றார். பாட்டு வாத்தியார்களிடம் மாட்டிக்கொண்டால் இப்படித்தான்.

சரி, சவுண்ட் கார்டு சுருதியை எங்கிருந்து எடுக்கிறது? ஒலிக் கோப்பில் இருப்பது வெறும் எண்களின் வரிசை. நொடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள் வீதம் அதை மின்னழுத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்குத் தள்ளுவதுதான் கார்டின் வேலை. அந்த நொடி எவ்வளவு நீளம் என்று அதற்குச் சொல்வது ஒரு சின்னப் படிகம். பலகையில் 12.288 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட படிகத்தைப் பார்த்தால் அது 48,000-ன் 256 மடங்கு. 11.2896 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் 44,100-ன் 256 மடங்கு. படிகம் கொஞ்சம் வேகமாகத் துடித்தால் எண்கள் வேகமாக வெளியேறும், சுருதி ஏறும். சட்ஜம், பஞ்சமம், காந்தாரம் எல்லாம் ஒரே விகிதத்தில் ஏறும் என்பதால் ஸ்வரங்களுக்கு இடையே உள்ள உறவு கெடாது. மொத்த ஆதார சுருதியும் அப்படியே நகரும், அவ்வளவுதான்.

எவ்வளவு நகரும்? இங்கே இரண்டு அளவுகள் வேண்டும். இசைக்காரர்களின் அளவு சென்ட். ஒரு ஸ்தாயியை, அதாவது சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை உள்ள தூரத்தை, 1200 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு. 1880-களில் ஆங்கிலேயரான அலெக்சாண்டர் எல்லிஸ் கொண்டுவந்தது. படிகக்காரர்களின் அளவு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை. ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 578 பிபிஎம். சாதாரணப் படிகம் 50 பிபிஎம், ரொம்ப மலிவாக இருந்தால் 100 பிபிஎம் பிசகும். நூறு என்றே வைத்தாலும் 0.17 சென்ட். இரண்டு ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் நம் காது வித்தியாசம் கண்டுபிடிப்பது சுமார் 5 சென்ட்டில் இருந்துதான். கீபோர்டின் அந்தர காந்தாரம் தம்பூராவில் தானாக எழும் காந்தாரத்தை விடக் கிட்டத்தட்ட 14 சென்ட் தூக்கலாக இருக்கிறது, அதையே பலர் சகித்துக்கொண்டு வாழ்கிறார்கள். டிஜிட்டல் ஒலி இணைப்புகளுக்கான ஐஇசி 60958 தரம் உயர் துல்லிய நிலைக்கு 50 பிபிஎம் கேட்கிறது, சாதாரண நிலைக்கு 1000 பிபிஎம் வரை போகட்டும் என்கிறது. அந்த ஆயிரம்கூட இரண்டு சென்ட்டுக்குள்தான்.

ஆனால் அத்தை கேட்டது ஒன்றன்பின் ஒன்றாக இல்லை, சேர்த்து. அப்போது கணக்கே வேறு. கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இரண்டு ஒலிகள் சேர்ந்தால் ஒலி பெருத்துச் சிறுத்துப் பெருத்துச் சிறுக்கும். பள்ளிக்கூட இயற்பியலில் விம்மல்கள் என்று படித்தோமே, அதுதான். நொடிக்கு எத்தனை விம்மல் என்று எண்ணினால் இரண்டு அதிர்வெண்களுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே கிடைக்கும். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத காலத்தில் யோஹான் ஷைப்ளர் என்ற ஜெர்மானியப் பட்டு உற்பத்தியாளர் இதை வைத்தே 220-இலிருந்து 440 வரை, நாலு நாலு ஹெர்ட்ஸ் இடைவெளியில், 56 இசைக்கவைகள் கொண்ட ஒரு வரிசையைச் செய்தார். பக்கத்துப் பக்கத்துக் கவைகளைத் தட்டி விம்மல்களை எண்ணுவது. கடைசிக் கவை முதல் கவையின் மேல் ஸ்தாயியாக வந்து நின்றால் மொத்த வித்தியாசம் தெரிந்துவிடும், அந்த வித்தியாசம்தான் முதல் கவையின் அதிர்வெண். எல்லாரும் சுருதி சேர்ப்பதற்கான பொது அளவாக 1834-லேயே 440-ஐப் பரிந்துரைத்தவரும் அவர்தான். பட்டுக்கும் சுருதிக்கும் இந்தத் தொடர்பு காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து கட்டை சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். இரண்டு படிகங்கள் தங்களுக்குள் 50 பிபிஎம் வேறுபட்டால் 196-ல் அது நூற்றில் ஒரு ஹெர்ட்ஸ். ஒரு விம்மல் முடிய ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். அத்தை வீட்டில் போய்க் கேட்டபோது நொடிக்கு ஒன்று என்று துல்லியமாக விம்மிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட 9 சென்ட். எந்தப் படிகமும் இவ்வளவு தப்பாது. ஆக, பெட்டிதான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் "நீயே பாத்தியா?" பாக்கி இருந்தது.

சவுண்ட் கார்டை அளப்பது எப்படி என்று தேடினால் நிறையப் பேர் சொல்லும் வழி ஒன்று உண்டு. கணினியிலிருந்து 440 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பு, அதே கணினியின் மைக்கில் பதிவு செய், பதிவில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார். 440.000 என்றே வரும், எப்போதும் வரும். வெளியே அனுப்பும் பக்கமும் உள்ளே வாங்கும் பக்கமும் ஒரே படிகத்தில் ஓடுகின்றன. அது ஆயிரம் பிபிஎம் தப்பாக ஓடினாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து தப்பும், பிழை கழிந்துபோகும். ஒரு முழக்கோலை அதே முழக்கோலால் அளந்து சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவது போலத்தான். இந்த முறையில் அளந்து, தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் போட்டு, தங்கள் மடிக்கணினி அபாரத் துல்லியம் என்று அறிவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளியிலிருந்து ஓர் ஆதாரம் வேண்டும், அது அளக்கப்படுவதை விடத் துல்லியமாகவும் இருக்க வேண்டும். இசைக்கவை இங்கே தோற்றுவிடும். எஃகுக் கவை சூடு ஏற ஏற இறங்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 100 பிபிஎம். பெங்களூரில் காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி சர்வசாதாரணம், ஆக 1000 பிபிஎம் அதிலேயே போய்விட்டது. மைக் கேபிளில் நுழைந்து இரையும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலைப் பிடிக்கலாமே என்று தோன்றும். நம் மின்கட்டமைப்பின் அனுமதிக்கப்பட்ட வரம்பே 49.90 முதல் 50.05 வரை. கீழ்ப்பக்கம் மட்டும் 2000 பிபிஎம்.

அடுத்தது இணையம். கணினியின் கடிகாரத்தை என்டிபி மூலம் நேர சர்வர்களோடு பொருத்தி வைத்துவிட்டு, மணிக்கணக்கில் பதிவு ஓடவிட்டு, எத்தனை எண்கள் சேர்ந்தன என்று பார்க்கலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கணினியின் கடிகாரம் வேறு படிகம், சவுண்ட் கார்டு வேறு படிகம். ஒன்று சரியென்றால் மற்றதும் சரி என்று அர்த்தமில்லை. இணைய நேரம் சில மில்லி நொடிகள் முன்னே பின்னே ஆடும். 20 மில்லி நொடி ஆடினாலும் 10,000 நொடி பதிவு செய்தால் பிழை 2 பிபிஎம்தான். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பொறுமை இருப்பவர்களுக்கு இது போதும், காலணா செலவில்லை.

எனக்குப் பொறுமை இல்லை, எஸ்.பி. ரோடு பக்கத்தில் இருக்கிறது. அங்கே விற்கும் தீப்பெட்டி அளவு ஜிபிஎஸ் மாட்யூல்களில் இடம் காட்டுவது தவிர இன்னொரு கம்பி உண்டு: நொடிக்கு ஒரு துடிப்பு. செயற்கைக்கோள்களில் இருக்கும் அணுக் கடிகாரங்களோடு பொருந்தி, நொடியின் கோடியில் சில பங்குக்குள் வந்து தட்டும். எல்லா மாட்யூலிலும் அந்தக் கம்பியை வெளியே கொண்டுவந்திருக்க மாட்டார்கள், அதற்காகத்தான் கடை கடையாக ஏறினது. எதற்கென்று கடைக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "ட்ரோனா சார்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான நாவிக்கின் நேரத்தைப் பராமரிக்கும் அணுக் கடிகாரங்கள் பெங்களூருக்கு வெளியே பியாலாலுவில்தான் இருக்கின்றன. என் கையில் இருந்த மலிவு மாட்யூல் நாவிக்கைக் கேட்பதில்லை, ஊர்ப்பாசம் காட்ட வழியில்லாமல் போயிற்று.

அந்தத் துடிப்பு 3.3 வோல்ட். அப்படியே மைக் துளையில் கொடுத்தால் கார்டு தாங்காது. இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பல மடங்கு குறைத்துக் கொடுக்க வேண்டும். மாட்யூல் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் அத்தையின் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பதிவில் நொடிக்கு ஒரு கூர்முனை விழும். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை எத்தனை எண்கள் என்று எண்ணுவதுதான் வேலை. 48,000 வீதத்தில் ஓர் எண்ணின் நீளம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 21 பங்கு. ஆயிரம் நொடிகளுக்கு எண்ணினால் 0.02 பிபிஎம் வரை பிரித்துப் பார்க்கலாம். பதினேழு நிமிடத்தில் இணைய முறையை விட நூறு மடங்கு நுணுக்கம்.

ஆயிரம் நொடிக்கு 4 கோடியே 80 லட்சம் எண்கள் வர வேண்டும். மேலே ஒரு 1,400 சொச்சம் அதிகமாக வந்தது. கிட்டத்தட்ட 30 பிபிஎம் வேகம், 0.05 சென்ட். அத்தையிடம் கணினி ஒரு சென்ட்டில் இருபதில் ஒரு பங்கு ஏறி நிற்கிறது, மற்றதெல்லாம் பெட்டி என்று அறிக்கை கொடுத்தேன்.

"அதுல தப்பு ஒண்ணும் இல்லையே. நான்தான் அந்தத் திருகை என் குரலுக்குத் தகுந்த மாதிரி இறக்கி வெச்சிருக்கேன்," என்றார்.

பெட்டியில் கட்டையைத் தேர்ந்தெடுக்க ஒரு திருகு, நுணுக்கமாக ஏற்றி இறக்க இன்னொன்று. இரண்டாவது, பாடுபவருக்காக இருப்பது. எலக்ட்ரானிக் தம்பூராவுக்கு வழி போட்டது இந்த ஊர்தான். புல்லாங்குழல் வாசிப்பவரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் 1970-களின் கடைசியில் இங்கே அதை உருவாக்கினார். அத்தையுடைய பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயர் எப்போதோ உரிந்துபோய்விட்டது, எந்தக் கம்பெனி என்று தெரியாது. எதுவானாலும், நம் சங்கீதத்தில் சட்ஜம் பாடுபவர் வைக்கிற இடத்தில் இருக்கிறது. ஐந்து கட்டை என்றால் 196 ஹெர்ட்ஸ் என்பது 440-ஐ ஆதாரமாக வைத்துப் போட்ட கணக்கு. அந்த 440-ம் 1939-ல் லண்டனில் கூடிப் பேசி முடிவு செய்தது. அதற்கு முன் 1859-ல் பிரெஞ்சு அரசாங்கம் 435 என்று சட்டம் போட்டிருந்தது. ஆகவே மென்பொருளில் ஒன்பது சென்ட் இறக்கினேன், விம்மல் நின்றது. கார்டைச் சரிசெய்ய எதுவும் இல்லை.

டிஜிட்டல் உலகில் காதுக்குத் தெரிகிற சுருதிப் பிழை வேறு இடங்களிலிருந்து வருகிறது. முதல் தலைமுறை சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளில் வேகத்தை நேராகச் சொல்ல முடியாது. பத்து லட்சத்தை ஒரு முழு எண்ணால் வகுத்து வருவதுதான் வேகம். 22,050 வேண்டும் என்றால் 45.35-ஆல் வகுக்க வேண்டும், அது முடியாது, 45-ஆல் வகுத்தால் 22,222. பாட்டு 13 சென்ட் ஏறிப் போகும். படிகம் சுத்தம், கணக்குதான் அழுக்கு. இன்றைக்கும் நடக்கிற பெரிய தப்பு, 44,100-ல் பதிவான கோப்பை ஏதோ ஒரு மென்பொருள் 48,000 என்று நினைத்து ஓட்டுவது. 147 சென்ட் ஏறும். ஐந்து கட்டைக்காரர் ஐந்தரையையும் தாண்டி ஆறுக்குப் பாதி வழியில் போய் நின்று மூச்சுப் பிடித்துப் பாடுவார். இதற்கு ஜிபிஎஸ் வேண்டாம், காது போதும். கேசட் காலத்தை நினைத்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. டேப் ஓடும் வேகம் ஒரு சதவீதம் பிசகினாலே 17 சென்ட். பழைய வித்வான்கள் எந்தக் கட்டையில் பாடினார்கள் என்று கேசட்டை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் முதலில் பிளேயரைச் சண்டைக்கு இழுக்க வேண்டும்.

அந்த 30 பிபிஎம்மை அதோடு மறந்திருப்பேன். ராமநவமி வந்தது. பெங்களூரில் சாமராஜபேட்டைக் கோட்டைப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கும் பெரிய கச்சேரிகள் ஒருபக்கம் இருக்க, அத்தை வீட்டிலும் பிள்ளைகள் பாடும் சின்னக் கச்சேரி ஒன்று உண்டு. குரல்களுக்கு மடிக்கணினியில் மைக், மிருதங்கத்துக்கு முன்னால் ஒரு போன். இரண்டு மணி நேரம். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே பதிவாக்குவது என் பொறுப்பு. ஆரம்பத்தில் அச்சாகப் பொருத்தினேன், வர்ணம் வரை பிரமாதம். கடைசியில் தில்லானாவுக்கு வரும்போது மிருதங்கம் குரலுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. "பையன் நல்லாத்தானே வாசிச்சான், இதுல ஏன் காலப்பிரமாணம் இப்படி ஓடுது?" என்று அத்தை கேட்டார்.

பையன் ஓடவில்லை. மடிக்கணினி 30 பிபிஎம் வேகமாக எண்ணுகிறது, அதனால் ஒரு நிஜ நொடிக்கு அதிக எண்களைச் சேர்த்துவிடுகிறது. சரியான வேகத்தில் திருப்பி ஓட்டும்போது பதிவு நீண்டுவிடும், குரல் பின்தங்கும். போனின் படிகம் பத்து பிபிஎம் அளவுக்கு மெதுவாக எண்ணியிருந்தது, அந்தப் பதிவு சுருங்கிவிடும், மிருதங்கம் முந்தும். இரண்டும் சேர்ந்து 40 பிபிஎம். 7,200 நொடியில் 0.29 நொடி. நொடிக்கு ஒரு தட்டு என்று தாளம் போட்டால், தட்டுக்கு எட்டு ஸ்வரம் விழும் இடத்தில் ஒரு ஸ்வரம் எட்டில் ஒரு நொடி. ஆக, மிருதங்கம் இரண்டு ஸ்வரத்துக்கு மேல் முன்னால் போயிருக்கிறது.

சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் மாதாவுக்குத் தெரியாத தப்பு, இரண்டு மணி நேரத்தில் பிதாவிடம் மாட்டிக்கொண்டது. சுருதியில் பிழை சேராது, முதல் நொடியில் எவ்வளவோ அதேதான் கடைசி நொடியிலும். தாளத்தில் ஒவ்வொரு நொடியின் பிழையும் முந்தைய நொடியின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சவுண்ட் கார்டைச் சுருதிக்காக அளப்பது பொழுதுபோக்கு. இரண்டு கருவிகளில் பதிவு செய்கிறவர் அளக்காமல் விட்டால் வேலை நிற்கும். ஸ்டூடியோக்களில் எல்லாக் கருவிகளையும் ஒரே கடிகாரத்தில் கட்டிவைப்பது இதற்காகத்தான்.

வீட்டில் அதற்கு வழியில்லை, ஜிபிஎஸ்ஸும் வேண்டியதில்லை. பதிவின் தொடக்கத்தில் எல்லா மைக்குக்கும் கேட்கும்படி ஒரு பலத்த கைதட்டல், முடிவில் ஒன்று. இரண்டு கோப்புகளிலும் தட்டுகளுக்கு இடையே உள்ள நீளத்தை எடுத்து ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். அந்த ராமநவமியில் தட்டவில்லை, ஆனால் குரல் மைக்கிலும் மிருதங்கம் கேட்டதால் மிருதங்கம் முத்தாய்ப்பாக வாசிக்கும் தீர்மானங்களில் முதலாவதையும் கடைசியையும் வைத்து ஒப்பேற்றினேன். சாக்ஸ் என்ற இலவசக் கருவியில் வேகத்தை மாற்றும் கட்டளைக்கு 1.00004 என்று கொடுத்துக் குரல் கோப்பைச் சுருக்கினால் போதும். சுருதி கெடாமல் காலத்தை மட்டும் மாற்றும் கட்டளை ஒன்றும் அதில் உண்டு, அதைத் தொடாதீர்கள். ஒலியைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டித்தான் அது வேலை செய்யும், மிருதங்கத்தின் சாப்பு என்ற கூர்மையான தட்டு அங்கங்கே இரட்டையாகக் கேட்கும். வேகக் கட்டளையில் சுருதியும் சேர்ந்து 0.07 சென்ட் ஏறும். ஏறட்டும்.

இதற்குப் பிறகும் ஒரு சின்ன மிச்சம் இருக்கும். மடிக்கணினி சூடேறும்போது படிகம் ஒன்றிரண்டு பிபிஎம் நகரும், அதனால் விகிதம் இரண்டு மணி நேரமும் ஒரே மாதிரி இருக்காது. பதிவுக்கு அரை மணி முன்பே கணினியைப் போட்டு வைத்தால் பாதி குறையும். குறைக்காமல் விட்டாலும் 2 பிபிஎம் என்பது இரண்டு மணி நேர முடிவில் 14 மில்லி நொடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஐந்து மீட்டர் போகும். அத்தையின் கூடத்தில் மிருதங்கத்துக்கும் கடைசியில் உட்கார்ந்திருக்கும் மாமிக்கும் நடுவே அதைவிடத் தூரம் இருக்கிறது.